கும்மாயம் என்னும் பெயர்

புதுக்கோட்டையினின்று தெற்கே காரைக்குடி நோக்கிச் செல்லும் பெருவழியில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால், சாலையோரத்தே ஒரு பெரும்பாறையும் அதன் தலைமேல் ஒரு கோட்டையும் தோன்றும். கோட்டை 1687ஆம் ஆண்டில் இராமநாதபுரம் சேதுபதியால் எழுப்பப்பட்டது. பாறையின் அடியிலோ அதனினும் பன்னூறாண்டு முற்பட்ட குடைவரைக் கோயில்கள் இரண்டு உள. ஒன்று சிவபெருமானுக்குரியது, மற்றொன்று திருமாலுக்குரியது. ஊரின் பெயர் திருமயம். இப்பெயருக்குப் பொருள் யாது என்று அங்குள்ள மாணவர் ஒருவரை வினவியபோது, "திருவே மயமாகிய ஊர், அதாவது செல்வம் நிறைந்த ஊர்" என்று அவர் சிறிதும் தயங்காது விடை கூறினார். கேட்பதற்கு இனிய விடைதான். எனினும் அது பொருந்தாது. திருமங்கையாழ்வார் இவ்வூரை மெய்யம் என்றே பாடியுள்ளார். இங்குள்ள சிவபெருமான் சத்தியகிரீசுவரர் எனவும், திருமால் சத்தியமூர்த்தி எனவும் பெயர் பெற்றுள்ளனர். 1887இல் இவ்வூரில் பிறந்து நாட்டு விடுதலைக்கு உழைத்த தீரர் சத்தியமூர்த்தி தாங்கியதும் அத்திருமாலின் பெயரே. ஆகவே 'மெய்' என்பதே இப்பெயரின் உயிர்நிலை. திருமெய்யம் என்பது வாய்வழக்கில் தேய்ந்து திருமயம் ஆயிற்று. தேய்ந்த வடிவத்தைப் பிரித்துப் பொருள் காண்பார் 'மயம்' என்று காண்பர். பழைய வடிவத்தைத் தேடிக் காண்பார் 'மெய்' என்று காண்பர்.

இவ்வுண்மையை ஊர்ப்பெயர் அளவில் நன்குணர்ந்திருந்த யாம், அதே ஊரில் உண்ட ஒரு பண்டத்தின் பெயர் திறத்தில் அதனை முற்றும் மறந்துபோனோம். அதனை எடுத்துரைத்து எம் பிழையைத் திருத்திக்கொள்ளவே இக்கட்டுரை எழுந்தது.

திருமயம் வட்டத்தில் இராயவரம், அரிமளம், கடியாபட்டி முதலிய நகரத்தார் ஊர்கள் உள்ளமை பலரும் அறிந்ததே. அத்தகைய ஊர் ஒன்றில் வாழும் எம் உடன்மாணவர் வீட்டிற்கு, ஆடி மாத விடுமுறையொன்றில் சென்றிருந்தோம். அவர்தம் அப்பத்தா, "வாங்க தம்பி, உக்காருங்க" என்று எம்மை அமர்த்தி, ஒரு கிண்ணத்தில் கரிய நிறமும் நெய்ப் பளபளப்பும் உடைய ஒரு பண்டத்தை இட்டனர். அதுவே கும்மாயம். ஆடியில் செய்யப்படுதலின் ஆடிக்கும்மாயம் என்றும் வழங்குவர். உளுந்தும் பாசிப்பருப்பும் பச்சரிசியும் தனித்தனியே வறுத்து மாவாக்கி, கருப்பட்டியை நீரிற் கரைத்து வடிகட்டி, அப்பாகில் மாவைக் கட்டியின்றிக் கரைத்து, அடுப்பேற்றி, நெய் விட்டு விட்டுக் கிண்டுவர். கையை நீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டாத பதமே பதம். எண்ணிச் சொன்னால் ஆறேழு பொருள்களே. ஆயினும் கிண்டுகிற கை சற்றே ஓய்ந்தால் அடி பிடித்துவிடும். விருந்தினராகிய எம்மிடம் சிறிது நேரம் கரண்டியைக் கொடுத்துப் பார்த்த அப்பத்தா, பின்னர் ஒன்றும் சொல்லாமல் அதனைத் திரும்ப வாங்கிக்கொண்டனர்.

"இதற்குக் கும்மாயம் என்று ஏன் பெயர் வந்தது?" என்று கேட்டோம். "கும்மிக் கும்மிக் கிண்டுறோம்ல, அதான்" என்றனர்.

அவ்விடை எமக்குத் தேன்போல் இனித்தது. கும்முதல் என்பது குத்துதல், இடித்தல் என்னும் பொருளுடைய தமிழ்ச்சொல். குமைத்தல் என்பதும் இடித்தல், குழையச் சமைத்தல் என்னும் பொருள்களில் வரும். குமைதல் என்பது குழைய வேதல். குழைய வெந்த பருப்புக்குக் கும்மாயம் என்ற பெயர் இவற்றின் வழிப் பிறந்ததெனக் கொள்ளின் எவ்விடர்ப்பாடும் இல்லை. கட்டு என்னும் அடியிலிருந்து கட்டாயம் வந்தாற்போலக் கும்மு என்னும் அடியிலிருந்து கும்மாயம் வந்தது என்று இறுதிநிலைக்கும் ஒப்புமை காட்டிவிடலாம். போதாக்குறைக்கு, மலையாள நாட்டார் சுண்ணாம்பைக் கும்மாயம் என்றே இன்றும் வழங்குகின்றனர். கட்டடச் சாந்துக்குரிய சுண்ணாம்பும் இடித்துக் குழைக்கப்படுவதன்றோ! இச்சான்றுகள் அனைத்தையும் திரட்டிக்கொண்டு கல்லூரித் தமிழ் மன்றத்தில் 'கும்மாயம் தூய தமிழ்ச்சொல்லே' என்று முழங்கினோம்.

அன்று எம்மை மறுத்தெழுந்த நண்பர் ஒருவர், வடமொழியில் குல்மாஷம் என்று ஒரு சொல் உண்டு, அதுவும் வெந்த தானியவுணவையே குறிக்கும், நம் கும்மாயம் அதன் திரிபாகலாம் என்றார். யாம் விடவில்லை. நன்னூலின் பதவியலை எடுத்துக் காட்டினோம். வடமொழி எழுத்துகள் தமிழில் வருங்கால் எவ்வாறு திரியும் என்று பவணந்தியார் ஆங்கு வரையறுத்துள்ளார். தேசம் என்பதிலுள்ள முதல் வகைச் சகரம் சகரமாகவோ யகரமாகவோ வரும். ஆகலின் தேசம் தேயம் ஆயிற்று. ஷகரமோ சகரமாகவோ டகரமாகவோதான் வரும். ஆகலின் விஷம் விடம் ஆயிற்று. ஸகரம் சகரமாகவோ தகரமாகவோ வரும்; ஆகலின் மாஸம் மாதம் ஆயிற்று. குல்மாஷத்தில் உள்ளது ஷகரம். அது தமிழில் வந்திருப்பின் குன்மாடம் என்றோ குன்மாசம் என்றோ இருத்தல் வேண்டும்; கும்மாயம் என்று யகரம் பெறுதற்கு இலக்கணத்தில் இடமில்லை என்றோம். மன்றம் கைதட்டி ஆர்ப்பரித்தது. நண்பர் அமர்ந்துவிட்டார். அவர் அமர்ந்த காட்சி எமக்கு அன்று மிகுந்த மகிழ்ச்சி அளித்தது என்பதை ஈண்டு மறைத்தல் தகாது.

நிற்க. அக்கூட்டம் முடிந்தபின் எம் ஆசிரியர் ஒருவர் எம்மைத் தனியே அழைத்து, "லசாஞா என்ற பெயரின் வரலாற்றைப் படித்துவிட்டு வா" என்றார். எமக்கு வியப்பாயிருந்தது. இத்தாலிய நாட்டு உணவுக்கும் ஆடிக்கும்மாயத்திற்கும் என்ன உறவு? ஆயினும் படித்தோம்.

லசாஞா என்பது கோதுமை மாவை மெல்லிய அகன்ற ஏடாகத் தேய்த்து அறுத்தது. அவ்வேடுகளை வேகவைத்து, இடையிடையே பாலேட்டுக்கட்டியும் இறைச்சிக் குழம்பும் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுடுவர். இன்று உலகெங்கும் அப்பெயரால் அறியப்படுவது அவ்வடுக்குப் பண்டமே. பெயரோ முதலில் தனியேட்டிற்கு உரியதாயிருந்து பின்னர் அடுக்கிற்கு ஆயிற்று. இப்பெயருக்கு இரண்டு பிறப்பிடங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, கிரேக்கத்தில் லாகனோன், இலத்தீனில் லாகனும் என வழங்கிய சொல். மெல்லிய மாத்தகடு என்பது அதன் பொருள். மற்றொன்று, கிரேக்கத்தில் லாசனா, இலத்தீனில் லாசனும் என வழங்கிய சொல். கலத்தைத் தாங்கும் முக்காலி என்றும், சமையற்கலம் என்றும், இரவில் சிறுநீர் கழிக்கும் கலம் என்றுங்கூட அதற்குப் பொருள் உண்டு.

முதற்சொல்லை நம் வாசகர்கள் தம்மையறியாமலே அறிவர். யாத்திராகமம் 29ஆம் அதிகாரத்தில், ஆசாரியரைப் பிரதிட்டை செய்யுங்காலத்துப் படைக்கவேண்டிய பண்டங்களுள் எண்ணெய் தடவிய மெல்லிய புளிப்பில்லாத் தகடுகள் சொல்லப்பட்டுள்ளன. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்த பண்டையோர் அவ்விடத்து இட்ட சொல் லாகனோன் என்பதே. நம் தமிழ் வேதாகமத்தில் அவ்விடத்தில் இருப்பது 'அடை' என்ற சொல். எபிரேயப் பாலைநிலத்துத் தகட்டை நம் அடுப்பங்கரை அடையாக்கிய மொழிபெயர்ப்பாளரை யாம் மெச்சாதிருத்தல் இயலாது. அதன் பக்கத்திலேயே அதிரசமும் இருக்கிறது!

பொருளை நோக்கின் லாகனும் என்பதே லசாஞாவின் தாய் என்று எவரும் சொல்வர். மாத்தகட்டின் பெயர் மாத்தகட்டிற்கு வருவதில் என்ன தடை? தடை ஒலியில் உள்ளது. லாகனும் என்பதன் நடுவிலுள்ள ககரவொலி, இத்தாலிய மொழியின் இயல்பான திரிபுகளின்படி லசாஞாவின் சகரவொலியாதல் அரிது. லாசனும் என்பதோ ஒலியளவில் நன்கு இயையும். ஆனால் கலத்தின் பெயர் கலத்திற் சமைத்த உணவுக்கு ஆகுபெயராயிற்று என்று ஒரு படி கூட்டிக்கொள்ளல் வேண்டும். சொல்லாராய்ச்சியாளர் பலர் இரண்டாவதனையே ஏற்கின்றனர். உரோமப் பெரும்புலவர் ஹோரேஸ், தம் அங்கதப் பாடல்களின் முதற்பகுதி ஆறாவது பாட்டிலே, சில அடிகளுக்குள்ளாகவே இவ்விரு சொற்களையும் வழங்கியுள்ளார். ஒருவனுக்குப் பின்னால் ஏவலர் தூக்கிச் செல்லும் கலம் லாசனும். மாலையில் தாம் வீடு திரும்பி உண்ணும் கீரையும் கடலையுங் கூடிய எளிய உணவிலே லாகனும். இரண்டும் ஒரே பாட்டில் அண்டை வீட்டாராக இருந்தும் எது லசாஞாவைப் பெற்றது என்பதற்கு அப்பாட்டு சாட்சி சொல்லாது.

இதனினும் சுவையானதொரு செய்தி. 1390ஆம் ஆண்டளவில் எழுந்த ஆங்கிலச் சமையல் ஏடொன்றில் லொசேன்ஸ் என்றொரு பண்டம் உண்டு. மாத்தகடும் பாலேட்டுக்கட்டியும் அடுக்கிச் செய்வது. 2003இல் ஆங்கிலேயர் சிலர் இதனைக் காட்டி, லசாஞா எம் நாட்டதே என்று உரிமை பேசினர். இத்தாலியர் சினந்தனர். ஆனால் லொசேன்ஸ் என்பது சாய்சதுர வடிவைக் குறிக்கும் வேறொரு சொல்லின் வழிவந்தது என்பர். ஓசை ஒத்திருந்தமை தற்செயலே. பண்டம் ஒத்திருக்கிறது, பெயரும் செவிக்கு ஒத்திருக்கிறது, ஆகவே நமதே என்று முடிவு கட்டும் அவசரம் எந்த நாட்டிற்கும் பொது போலும். அதனைப் படித்து நகைத்தோம். நகைப்பு அடங்குமுன் எம் மன்றப் பேச்சு நினைவுக்கு வந்தது.

ஆசிரியரிடம் மீண்டு சென்றபோது அவர் இரண்டே சொற்களை எழுதிக் காட்டினார்: ஆயில்யம், ஆயிரம். விண்மீன்களுள் ஒன்றாகிய ஆயில்யம் வடமொழியில் ஆச்லேஷா. அதன் இறுதியில் நிற்பது ஷகரம். அது தமிழில் டகரமாகவில்லை, சகரமாகவும் இல்லை, யகரமாயிற்று. பூசம் என்று நாம் வழங்கும் புஷ்ய விண்மீனை மலையாளத்தார் பூயம் என்பர், ஆங்கும் யகரமே. ஸஹஸ்ரம் என்பது ஆயிரம் ஆனபோது நடுவில் தோன்றியதும் யகரமே. நன்னூல் விதியோ இவற்றிற்கு இடங்கொடாது. அவ்வாறாயின் நன்னூலார் தவறினரோ? அன்று. பவணந்தியார் சொன்ன வழி, வடமொழியினின்று நேரே தமிழ் புகும் சொற்களுக்குரிய வழி. ஆயில்யமும் ஆயிரமும் அவ்வழி வந்தவை அல்ல. அவை பிராகிருதம் என்னும் பேச்சுமொழிகளின் வாயிலாக, மிக முற்பட்ட காலத்திலே வந்தவை. அம்மொழிகளுட் பெரும்பாலானவற்றில் மூவகைச் சகரமும் ஒன்றாகிவிடும். அவ்வொன்றைத் தமிழர் பல சொற்களில் யகரமாக ஏற்றனர்.

இப்பொழுது குல்மாஷத்தை அவ்வழியில் நடத்திப் பார்ப்போம். பாலி மொழியில் அது கும்மாஸம் என வழங்குகிறது. லகரம் அடுத்த மகரத்தோடு ஒன்றி மகரம் இரட்டித்தது. புத்த சமயப் பாலி நூல்களில், சோற்றாலும் கும்மாஸத்தாலும் வளர்ந்தது இவ்வுடல் என்னும் கருத்துப் பலவிடத்தும் வரும். கும்மாஸத்தின் ஸகரம் யகரமாயின் கிடைப்பது யாது? கும்மாயம். ஓரெழுத்தும் மிகவில்லை, ஓரெழுத்தும் குறையவில்லை. எந்த யகரத்தைக் கொண்டு நண்பரை அமர்த்தினோமோ, அந்த யகரமே எம்மை அமர்த்திவிட்டது!

வடநாட்டில் இவ்வுணவு எளியோர் உணவாக இருந்தது. சாந்தோக்கிய உபநிடதத்தில் உசஸ்தி என்பார் கதை வருகிறது. குரு நாட்டில் பயிர் அழிந்து பஞ்சம் நேர்ந்த காலத்தில், ஒருவன் உண்டுகொண்டிருந்த குல்மாஷத்தை அவர் இரந்து பெற்றார். அவன் தான் குடித்து எஞ்சிய நீரையும் கொடுத்தபோது அதனை மறுத்தார். எச்சில் உணவை ஏற்ற நீர் எச்சில் தண்ணீரை மறுப்பதேன் என்று அவன் கேட்க, உணவின்றேல் உயிர் போயிருக்கும், தண்ணீர் வேண்டிய இடத்தில் கிடைக்கும் என்றார். அங்ஙனம் பசித்தவன் கையேந்திப் பெற்ற பண்டத்தின் பெயர், ஆடி மாதத்தில் நெய் சொட்டச் செட்டிநாட்டுக் கிண்ணத்தில் இருக்கிறது. இடையில் அது கடந்த தூரம் சிறிதன்று.

அவ்வழியில் ஒரு தங்கலை மட்டும் நன்கு காணலாம். மணிமேகலையின் 27ஆம் காதையில், மணிமேகலை பல சமயத்தாரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அவருள் நிகண்டவாதியாகிய சமணன், ஒரு பொருள் ஒரே காலத்தில் நிலைத்தும் அழிந்தும் வருதலை விளக்க இரண்டு எடுத்துக்காட்டுத் தருகிறான். ஒன்று வேம்பு முளைத்தல், மற்றொன்று கும்மாயம். பயறு என்னும் தன்மை கெடாமலே பயறு அழிந்து கும்மாயம் ஆகிறது என்பது அவன் கூற்று. எடுத்துக்காட்டு என்பது கேட்பவர் முன்னரே அறிந்ததாய் இருத்தல் வேண்டும். ஆகவே அந்நூல் எழுந்த காலத்தில் கும்மாயம் தமிழர்க்கு வேம்பினைப்போலத் தெரிந்த பொருள் என்பது பெறப்படும். பெரியாழ்வாரும், ஆய்ப்பாடிக் கண்ணன் வெண்ணெயோடு விழுங்கியதாகக் கும்மாயத்தைப் பாடியுள்ளார். பயற்றினாலாய இவ்வுணவைச் சமணன் வாயில் முதற்கண் காண்பது தற்செயலோ அன்றோ, யாம் அறுதியிடத் துணியோம். எனினும் திருமயத்திற்கு வடக்கே சித்தன்னவாசல் மலையில் சமண முனிவர் கிடந்த கற்படுக்கைகளும், அவற்றின் அருகே ஈராயிரம் ஆண்டளவு பழைய தமிழ் எழுத்துகளும் இருத்தலை எண்ணுங்கால், பிராகிருதம் பேசினார் நடந்த பாதை நம் வாயிற்படியிலேயே இருந்தது என்பதில் ஐயமில்லை.

அங்ஙனமாயின் கும்முதலும் குமைதலும் இச்சொல்லோடு சிறிதும் தொடர்பில்லாதனவோ? அவ்வாறு சொல்லவும் எம் மனம் இசையவில்லை. வடநாட்டுக் குல்மாஷம் பெரும்பாலும் அரைவேக்காட்டுத் தானியம் எனவே உரைகாரர் பலர் கூறுவர்; வாற்கோதுமையும் அதில் உண்டு. தமிழ்நாட்டில் அது குழைய வெந்த பயறாயிற்று. அரைவேக்காடு முழுவேக்காடாக மாறியதற்குக் காரணம் யாது? வந்த பெயரைக் கேட்ட தமிழ்ச்செவி, அதனுள் கும்முதலையும் குமைதலையும் கேட்டிருத்தல் கூடும். பெயர் கேட்டபடியே பண்டமும் குழைந்திருத்தல் கூடும். மலையாளத்துச் சுண்ணாம்புக் கும்மாயத்தையும் யாம் இவ்வாறே கருதுகிறோம்: குழைந்த பருப்பின் பெயர் குழைந்த சாந்துக்கு ஆகியிருக்கலாம். இஃது எம் கருத்தளவே. இதனினும் வலிய விளக்கம் கிடைப்பின் இதனையும் கைவிடுவோம். ஒருமுறை கைவிட்டார்க்கு மறுமுறை அத்துணைக் கடினமன்று.

தொல்காப்பியனார் செய்யுட்குரிய சொல் நான்கு என்றபோது இயற்சொல்லோடு வடசொல்லையும் வைத்தெண்ணினார். வந்த சொல்லுக்கு நம் வீட்டில் இடமில்லை என்றார் அல்லர். மன்றத்தில் கைதட்டிய நண்பர்கட்கு இதனைத் தெரிவித்துக்கொள்கிறோம். அன்று அமர்ந்துவிட்ட நண்பரிடம் நேரிலேயே சென்று சொன்னோம். அவர், "எனக்கும் அன்று பாலி தெரியாது, சும்மா ஒரு சந்தேகத்தில் எழுந்தேன்" என்று சொல்லி நகைத்தார்.

மறு ஆண்டு ஆடியில் மீண்டும் அவ்வூர் சென்றிருந்தபோது அப்பத்தாவிடம் இக்கதையையெல்லாம் கூறினோம். பாலியையும் உபநிடதத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே கிண்டிக்கொண்டிருந்தனர். மணிமேகலையில் பயற்றைக்கொண்டே கும்மாயம் செய்ததாக வருகிறது, உளுந்து சொல்லப்படவில்லை என்றபோது மட்டும் நிமிர்ந்தனர். "எங்க ஆத்தா வீட்டுல பாசிப்பயறுதான் கூடப் போடுவாக. இங்க வாக்கப்பட்டு வந்தப்புறந்தான் உளுந்து" என்றனர். பின்பு, அடி பிடிக்கிறது பார் என்று கரண்டியை எம் கையில் கொடுத்துவிட்டு நெய் எடுக்க உள்ளே சென்றனர்.